ஏழாவது ஜாயின்ட்

கள்ளக்குறிச்சியில் ருக்ஷானாவின் முகம் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. அவள் ஒட்டிய கண்ணாடி நூல் வழியாக ஒரு தடவையாவது பேசாதவர்கள் அதைவிடக் குறைவு.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தார். வீட்டில் வேறு பெண் பிள்ளை கிடையாது. அம்மா இரண்டு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அண்ணன் அன்சர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையின் பின்பாதியில் ஒரு திரை. வாடிக்கையாளர் கொடுத்த போனை அன்சர் திரைக்குள் நீட்டுவான், அதற்கு என்ன நோய் என்று ஒரு வரி சொல்வான். உள்ளே இருந்து அவள் சரிசெய்து திருப்பி நீட்டுவாள். நன்றியை அன்சர் வாங்கிக்கொள்வான். ஒன்பது வருஷம் இப்படியே போனது. ருக்ஷானாவுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. திரையின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. அது போதும். போன் தண்ணீரில் விழவே இல்லை என்று சத்தியம் செய்கிறவரின் சட்டைப்பையைத்தான் அவள் முதலில் பார்ப்பாள்.

மாயவன் அந்தக் கடைக்கு வந்தது தன்னுடைய போனுக்காகத்தான். கள்ளக்குறிச்சி சுற்று வட்டாரத்தில் கண்ணாடி நூல் கேபிள் போடும் ஒப்பந்தக்காரர் அவர். சார்ஜர் குத்தும் இடத்தில் வைத்திருந்த பற்றவைப்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இதை ஒட்டியது யார் என்று கேட்டார். அன்சர் சொல்லத் தயங்கித் திரையைக் காட்டினான். மாயவன் திரையைப் பார்த்தே பேசினார். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி நூலை நூலோடு ஒட்டும் வேலை இருக்கிறது, தன்னிடம் இருக்கும் ஆட்களுக்கெல்லாம் கை நடுங்குகிறது, ஒட்டுகிற மிஷின் வேனுக்குள்ளேயே இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றார். மறுநாள் அன்சர் மூலமாக ஒரு கேள்வி மட்டும் வந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்களே?

அதற்கும் ஆறு வருஷம் ஆகிவிட்டது. வேனுக்குள் புர்காவின் கையை முழங்கை வரை சுருட்டி ஊக்கு குத்திக்கொண்டுதான் அவள் வேலையைத் தொடங்குவாள். நறுக்கி விழும் கண்ணாடித் துணுக்கு துணியில் ஒட்டினால் பிறகு தோலுக்குள் இறங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு துணுக்கையும் பசை நாடாவில் ஒற்றி எடுத்து எண்ணி வைப்பாள். நூலின் மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, முனையை நேராக நறுக்கி, இரண்டு முனைகளையும் மிஷினில் எதிரெதிரே வைத்தால் ஒரு பொறி பறந்து இரண்டும் ஒன்றாகும். அந்த ஒட்டில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்பதை மிஷின் ஓர் எண்ணாகக் காட்டும். புள்ளி பூஜ்யம் ஐந்துக்கு மேல் காட்டினால் ருக்ஷானா அறுத்துவிட்டு மறுபடி ஒட்டுவாள். யாரும் கேட்காவிட்டாலும், இரண்டு கேபிள் சேரும் ஜாயின்ட்டின் எண், தேதி, ஒவ்வொரு நூலுக்கும் வந்த எண் என்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைப்பாள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் மழையைப் பார்க்கும் ராடார் ஒன்றை வைத்தபோது அந்தக் கேபிளையும் மாயவன்தான் போட்டார். மலை உச்சியில் ஆள் தங்க வசதியில்லை. மூன்று ஷிப்டுக்கும் ஆட்களை மேலே ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, கள்ளக்குறிச்சியிலேயே ஓர் அறையில் உட்கார்ந்தபடி ராடாரை ஓட்ட ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர். ராடார் பார்க்கிற படம், அங்கே இருக்கிற கேமரா, போன், ஜெனரேட்டர் ஓடுகிறதா என்ற தகவல் எல்லாவற்றையும் மேலே ஒரு பெட்டி, பல வகை மணிகளை மாற்றி மாற்றிக் கோப்பதுபோல ஒரே ஒளியில் கோத்துக் கீழே அனுப்பும். கீழே இருக்கும் பெட்டி வகைவாரியாகப் பிரித்துக்கொள்ளும். கீழேயிருந்து ராடாருக்குப் போகும் கட்டளைகள் அதே நூலில் வேறொரு ஒளியில் ஏறும். இறங்க ஓர் ஒளி, ஏற ஓர் ஒளி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே நூல். இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. அந்த நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பதினாறு ஜாயின்ட்டும் ருக்ஷானா ஒட்டியவை.

2020 டிசம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாயவன் போன் செய்தார். படம் வருகிறது, ஆனால் கட்டளை மேலே போகவில்லை என்றார். முந்தின நாள் மாலையிலிருந்தே ராடாரின் தட்டு தலையைத் தூக்கியபடி சுற்றிக்கொண்டிருந்தது. தாழ்த்தச் சொன்னால் கேட்கவில்லை. தாழ்த்தினால்தான் மலைச்சரிவில் இறங்கும் மழை தெரியும். கடலில் புயல் சின்னம் இருந்தது. கோமுகி அணை ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. கேபிளை மேற்பார்வை பார்க்கும் பொறியாளர் விடிந்ததும் கருவி வைத்து அளந்தார். பதினேழாவது கிலோமீட்டரில் ஒளி கொஞ்சம் இறங்குவதாகக் காட்டியது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைக்குப் போகும் சாலையில், அந்த இடத்தில் இருந்தது ருக்ஷானாவின் ஏழாவது ஜாயின்ட்.

“எட்டாங்கிளாஸ் படிச்ச பொண்ணக் கூட்டியாந்து கண்ணாடி ஒட்டச் சொன்னா இப்படித்தான் ஆவும்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாம்மா,” என்றார் மாயவன். சாயங்காலம் நாலு மணிக்கு விழுப்புரத்திலிருந்து வேறு ஆட்கள் வந்து அந்த ஜாயின்ட்டை அறுத்துப் புதிதாக ஒட்டப் போகிறார்கள். இனிமேல் எந்த வேலைக்கும் அவள் பெயரைக் கொடுக்கக் கூடாது என்றும் பொறியாளர் சொல்லிவிட்டார். மாயவன் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ருக்ஷானா நோட்டை எடுத்தாள். ஏழாவது ஜாயின்ட், பன்னிரண்டு நூல். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்றுதான் புள்ளி பூஜ்யத்துக்குப் பின்னால் எண்கள் இருந்தன. எதுவும் ஐந்தைத் தொடவில்லை. பொறியாளர் எந்த ஒளியில் அளந்தார் என்று கேட்டாள். படம் இறங்கும் ஒளியில் மட்டும்தான் என்றார் மாயவன்.

அவளுக்கு வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. வேன் கதவில் ஒரு கேபிள் மாட்டி மடங்கிக்கொண்டது. ஓர் ஒளியில் அளந்தால் குறையே தெரியவில்லை, இன்னொன்றில் பாதி காணவில்லை. ஒட்டு கெட்டிருந்தால் இரண்டு ஒளியும் சேர்ந்து மங்கும். ஒன்று மட்டும் மங்கினால் நூல் எங்கேயோ இறுக்கமாக மடங்கியிருக்கிறது. மேலே ஏறுகிற ஒளிதான் மடிப்பைத் தாங்காது, முதலில் சிந்திவிடும்.

மடிப்பு எங்கே என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜாயின்ட்டுக்கு அடுத்த கம்பத்தில், பின்னால் ரிப்பேருக்குத் தேவைப்படும் என்று, பதினைந்து மீட்டர் கேபிளை வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் தன் வளையங்களை எண்ணுவது அவள் வழக்கம். மூன்று நாளுக்கு முன் அந்த வழியாகப் போனபோது அங்கே சாமியானா போட்டிருந்தார்கள். கூட்டம் இருந்தது. ஆறாவது வளையத்துக்குப் பிறகு எட்டாவதைத்தான் எண்ணினாள். கூட்டம் மறைத்திருக்கும் என்று அன்று விட்டுவிட்டாள்.

அந்தச் சாமியானா தனி இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டப் பந்தல். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வெட்டை நிறுத்திவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் மாயவனின் வேன் அந்த வழியை அடைத்த கூட்டத்துக்குள் நுழையப் பார்த்து வாய்த்தகராறு ஆகியிருந்தது. வேனும் மாயவனும் இனி அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் மாயவனால் வர முடியாது. அவள் சொன்னதை மாயவன் எடுத்துச் சொன்னபோது பொறியாளர், கலவரத்துக்கு நடுவில் போய்க் கம்பத்தைத் தொடச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாராம். ஜாயின்ட் மட்டும் பந்தலுக்கு வெளியே இருந்தது. அறுப்பதற்கு வசதியாகவும் இருந்தது.

ஜும்மா தொழுகை முடிந்து தானும் கூட வருவதாகச் சொன்னான் அன்சர். ஜும்மா முடிய ஒன்றரை ஆகும். பஸ் பிடித்துப் போய்ச் சேர மூன்றாகிவிடும்.

“நீ தனியாப் போய் அத்தினி ஆம்பளைங்க நடுவுல இன்னா பேசுவ ருக்கு?” என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. நோட்டையும் சின்னப் பையையும் எடுத்துக்கொண்டு பத்தரை மணி டவுன்பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ்ஸில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கச்சிராயபாளையத்தோடு பஸ் திரும்பிவிட்டது. அங்கிருந்து ஒன்றரை மைல் நடை. வானம் மலைப் பக்கம் மூடிக்கொண்டு வந்தது. பந்தல் கண்ணுக்குத் தெரிந்ததும் அந்த வாக்கியம் மறந்துபோனது.

அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஒரு டிராக்டர் டிரெய்லரைத்தான் மேடையாக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கல் அடுப்பில் அண்டாவில் சோறு வெந்தது. எதிர்ப்பக்கம் போலீஸ் ஜீப் நின்றது. ருக்ஷானா யாரையும் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்தாள். அவளுடைய வளையம் அங்கேதான் இருந்தது, ஆனால் வளையமாக இல்லை. கேபிளை முழ நீளத்துக்கு மேல் மேலாக மடித்து, கரும்புத் தோகையை முறுக்கி மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கரும்புக் கட்டைப் போலவே இருந்தது. அதோடு சேர்த்துக் கொடி ஏற்றிய மூங்கிலையும் அதே கட்டில் கம்பத்தோடு பிணைத்திருந்தார்கள். அவ்வளவு நேர்த்தியான கட்டை அவள் பார்த்ததில்லை.

“இன்னா பாயம்மா, வழி தவறிப்போச்சா?” என்று முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்டான்.

அவள் கம்பத்தைக் கைகாட்டினாள். போலீஸ் அனுப்பியதா என்று இன்னொருவன் எழுந்தான். கேபிள்காரன் அனுப்பிய ஆள் என்றது ஒரு குரல். ஜீப்பைப் பார்த்துச் சிலர் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அப்போது டிரெய்லரிலிருந்து பொன்னுரங்கம் இறங்கி வந்தார்.

பொன்னுரங்கத்துக்கு அறுபது தாண்டியிருக்கும். இதே கோரிக்கைக்காக நடந்த எண்பத்தேழாம் வருஷ மறியலில் பதினோரு நாள் ஜெயிலில் இருந்தவர். அந்த வருஷம் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டார்கள். வெட்டியவன் வெட்டாதவன் எல்லார் மேலும் வழக்கு வந்தது. அதனால் இந்தத் தடவை பந்தல் போட்ட அன்றே அவர் சொல்லியிருந்தார், ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது, ஒரு கம்பியில்கூடக் கீறல் விழக் கூடாது என்று.

“கேபிளுக்கு இன்னாம்மா?” என்றார். “வர்றவன் போறவன் தலையில இடிச்சிக்கினு தொங்குச்சு. அறுந்து கிறுந்து போச்சுன்னா நம்ம மேல கேஸ் போடுவான்னு பத்திரமா கட்டி வெச்சிருக்கோம். வெட்டு ஆளுங்க கட்டு, அசையாது.”

“அதாண்ணா…” என்றாள் ருக்ஷானா.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கீழே உட்கார்ந்து பையைத் திறந்தாள். உள்ளே கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடி நூலும், பேனா மாதிரி ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன. நூல் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வைத்திருக்கும் விளக்கு. பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. பக்கத்தில் சோற்று அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, கேட்காமலேயே முந்தானையை விரித்து அவள் தலைக்கு மேல் நிழல் பிடித்தாள். பெயர் பாப்பாத்தி. கரும்பு வெட்டில் ஆண்களுக்குச் சமமாகக் கட்டுக் கட்டுகிறவள்.

ருக்ஷானா விளக்கை நூலின் ஒரு முனையில் செருகினாள். மறுமுனையில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. நூலைப் பெரிய வளையமாகப் பிடித்துக் காட்டினாள். புள்ளி அப்படியே இருந்தது. பிறகு அதைத் தன் சுண்டுவிரலில் இறுக்கமாகச் சுற்றினாள். விரலைச் சுற்றி நூல் முழுக்கச் சிவந்தது. முனையில் இருந்த புள்ளி அணைந்துபோனது.

“வழியிலயே கொட்டிக்கினு போவுது பாரு,” என்றாள் பாப்பாத்தி.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தாள். கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். கட்டியதுதான் கெடுத்தது என்பது அவருக்குப் புரிந்தது. மலையில் இருக்கிற மழை மிஷினிலிருந்து படம் வருகிறது, கீழேயிருந்து கட்டளைதான் போகவில்லை என்றாள் ருக்ஷானா. படம் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டார்.

“மேலேர்ந்து வர்றது கொஞ்சம் பொறுத்துக்கும்ணா. கீழேர்ந்து மேல போறதுதான் மடிப்புல நின்னுடும்.”

பின்னால் இருந்து ஒருவன் சொன்னான். “எங்க கதையும் அதான் பாயம்மா. எத்தினியோ வருசமா கீழேர்ந்து சொல்லிக்கினுதான் கெடக்கோம். மேல ஏறவே மாட்டேங்குது.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. ஜீப்பிலிருந்த காவலர்கூட எட்டிப் பார்த்தார். முகக்கவசத்துக்குள் ருக்ஷானாவும் சிரித்தாள். மலையில் எவ்வளவு மழை இறங்குகிறது என்று அந்த மிஷின் சொன்னால்தான் அணைக்காரர்கள் ஷட்டரை எப்போது தூக்குவது என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்றாள். சொல்லும்போது கோமுகிக் கரை ஓரமாக இருந்த குடிசைகளைப் பார்த்தாள். அவை யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது. பந்தலில் பாதிப்பேருடையவை என்பது அவர்கள் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

ஆனால் கட்டை அவிழ்த்தால் கொடி இறங்கிவிடும் என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னதும் பொன்னுரங்கத்தின் முகம் மாறிவிட்டது.

“கேபிள எடுத்துக்கம்மா, வேணான்னு சொல்லல. கொடி எறங்காது. அதோ ஜீப்புல குந்திக்கினு கீறான் பாரு, எறங்கறப்ப ஒரு போட்டோ புடிச்சான்னா போதும், இவனுங்க எழுந்து வூட்டுக்குப் போயிட்டானுங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்.”

மணி ஒன்றாகியிருந்தது. ருக்ஷானா வாதாடவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று கட்டு. மூங்கிலின் அடி தரையில்தான் ஊன்றியிருந்தது. தோகை அதைத் தாங்கிப் பிடித்திருந்ததே தவிர, தூக்கிப் பிடிக்கவில்லை.

“கொடி எறங்க வேணாம்ணா,” என்றாள். “மூங்கில நாலு பேரு கையில புடிச்சிக்கங்க. கட்ட மட்டும் அவுத்துட்டு, கேபிள எடுத்துக்கினு, மூங்கிலத் தனியாக் கட்டிக்கலாம்.”

“யாரு அவுக்கறது? நீ ஏறுவியா?”

“ஏறுவேன்.”

“இவளால ஆவாது,” என்று குறுக்கே வந்தாள் பாப்பாத்தி. “அது என் கட்டு. என் கட்ட எவனும் கையால அவுத்ததில்ல, ஆலையிலகூட அருவாதான் வெப்பான்.”

“அருவா வேணாம்கா, கேபிள்ல பட்டுடும்,” என்றாள் ருக்ஷானா அவசரமாக.

“அப்போ நானும் ஏர்றேன்.”

கம்பத்தில் ஏற ஏணி இல்லை. கட்டும்போது டிரெய்லரைத் தள்ளிவந்து அதன்மேல் நின்றுதான் கட்டினார்களாம். இப்போதும் தள்ளினார்கள். பேச்சாளர்கள் நின்று பேசிய அந்த மேடையில், மைக்குக்குப் பக்கத்தில், ருக்ஷானா ஏறி நின்றாள். கீழே நூறு கண்களுக்கு மேல். ஊக்கை எடுத்துக் கையைச் சுருட்டிக் குத்தினாள். அது வழக்கமான வேலையின் முதல் படி. அதற்குப் பிறகு அவளுக்குக் கண்கள் ஞாபகம் இல்லை.

நாலு பேர் மூங்கிலைத் தழுவிப் பிடித்தார்கள். பாப்பாத்தி பல்லால் கடித்தும் நகத்தால் நெம்பியும் முதல் கட்டை அவிழ்க்கவே கால்மணி நேரம் ஆனது. மூன்றாவது அவிழ்ந்தபோது அவள் விரலில் ரத்தம் கசிந்தது. கொடி ஒரு சாண்கூட அசையவில்லை. ருக்ஷானா கேபிளைக் கையில் வாங்கி மடிப்பு மடிப்பாக நீவினாள். உள்ளே உடைந்திருக்குமோ என்ற பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. உடைந்திருந்தால் எல்லாம் வீண். மறுபடி வளையமாகச் சுற்ற அளவுக்கு ஏதாவது வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தாள். அண்டா மூடிமேல் கண் நின்றது.

அந்த மூடியைக் கேட்டு வாங்கி, அதன் விளிம்பைச் சுற்றி, இதைவிடக் குறையக் கூடாது என்று பாப்பாத்திக்குக் காட்டிக்கொண்டே பதினைந்து மீட்டரையும் சுற்றினாள். தலையில் இடிக்காத உயரத்தில் தூக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டச் சொன்னாள்.

“இவ்ளோ லூசா கட்னா வழியெல்லாம் கரும்பு சிந்திக்கினு போவும்,” என்றாள் பாப்பாத்தி. தளர்வாகக் கட்ட அவள் கைக்கு வரவே இல்லை. இரண்டு தரம் கட்டி, இரண்டு தரமும் ருக்ஷானா விரலை உள்ளே விட்டு நெகிழ்த்த வேண்டியிருந்தது.

பிறகு கள்ளக்குறிச்சி அறைக்குப் போன் செய்தாள். ராடாரை ஓட்டும் கலையரசி அன்று பகல் ஷிப்டில் இருந்தாள். அவளுடைய பெயரை மாயவன் சொல்லக் கேட்டதுதான், ருக்ஷானா நேரில் பேசியதில்லை. இப்போது கட்டளை கொடுத்துப் பாருங்கள் என்றாள். போனில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. மூங்கிலைப் பிடித்திருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

“எறங்குதுங்க,” என்றாள் கலையரசி. “தட்டு எறங்குது.” கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில் சொன்னாள். “மலைக்கு மேக்கால பூரா செவப்பா கீதுங்க. நேத்துலேர்ந்து இத்தப் பாக்கவே இல்ல நாங்க. நான் அணைக்குச் சொல்லிட்டு வரேன்.”

பாப்பாத்தி மூங்கிலைக் கம்பத்தோடு தனியாகக் கட்டி முடித்ததும் ருக்ஷானா டிரெய்லரிலிருந்து இறங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் சாப்பிட நிற்கவில்லை. அடுத்த கம்பத்துக்கு நடந்துபோய், தன் ஜாயின்ட் பெட்டிக்குக் கீழே நின்றாள்.

மூன்றரைக்கே விழுப்புரத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடவே பொறியாளரும். கட்டளை போகிறது என்ற செய்தி அவருக்கும் வந்திருந்தது. நல்லதுதான், ஆனாலும் உத்தரவு உத்தரவுதான், வந்தது வந்தோம், ஜாயின்ட்டை அறுத்துப் புதிதாக ஒட்டிவிட்டால் பிற்பாடு தொந்தரவு இருக்காது என்றார். ஜாயின்ட்டில்தான் குறை என்று அவர் காலையிலேயே மேலே எழுதி அனுப்பியிருந்தார். ருக்ஷானா அவருடைய கையில் இருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பின் மேல் கட்டைவிரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் விழவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களை அவளுக்குத் தெரியும்.

“அளந்துட்டு அறுங்க சார்,” என்றாள்.

“காலையில அளந்தாச்சும்மா.”

“ரெண்டு லைட்லயும் அளங்க.”

இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்டார். அவள் நகரவில்லை. பெட்டிக்கு ஏற ஏணி வைக்கும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பந்தலிலிருந்து பாப்பாத்தி நடந்து வந்து, விரலில் துணி சுற்றிய கையோடு, கம்பத்தின் அடியில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்தாள். பந்தலில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அது பழகிப்போன வேலை. யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இப்போது அறுத்தால் படமும் ஐந்தாறு மணி நேரம் போய்விடும், மலையில் மழை பிடித்திருக்கிறது என்று ருக்ஷானா சொன்னாள். விழுப்புரத்து ஆட்களில் மூத்தவர் வானத்தைப் பார்த்தார். அளக்கப் பத்து நிமிஷம் ஆகும் சார், அளந்துவிடலாம் என்று பொறியாளரைக் கேட்காமலேயே கருவியை எடுக்க வேனுக்குப் போனார்.

முதல் ஒளியில் புள்ளி பூஜ்யம் மூன்று. இரண்டாவது ஒளியிலும் புள்ளி பூஜ்யம் மூன்று. மூத்தவர் கருவியைப் பொறியாளரிடம் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, ருக்ஷானாவிடமும் காட்டினார். அவள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் எழுதிய எண்ணும் அதுதான்.

பொறியாளர் கோப்பை மூடினார். சரி, ரிப்போர்ட்டில் மாற்றிவிடுகிறேன் என்று தான் வந்த வண்டியைப் பார்த்துத் திரும்பினார்.

“எழுதிக் குடுங்க சார்.”

“ரிப்போர்ட்ல வரும்மா.”

“இதுல.”

நோட்டும் பேனாவும் நீட்டிய கையிலேயே இருந்தன. தூறல் ஆரம்பித்திருந்தது. நோட்டில் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தது. பாப்பாத்தி வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். பொறியாளர் பேனாவை வாங்கினார். ஏழாவது ஜாயின்ட் சரியாக உள்ளது, குறை அடுத்த கம்பத்தில் கேபிள் மடிப்பு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். ருக்ஷானா இரண்டு தரம் படித்தாள். பிறகு நோட்டைப் புர்காவுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டாள்.

அன்று இருட்டுவதற்கு முன்பே அணையிலிருந்து தண்டோரா போட்டார்கள். கரையோரக் குடிசைக்காரர்கள் ஆடுமாடுகளையும் பாத்திரங்களையும் சாமியானாவுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். பொன்னுரங்கத்தின் கொடி மழையில் நனைந்து மூங்கிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கவில்லை.

மறுவாரம் ரிஷிவந்தியம் பக்கம் எட்டு ஜாயின்ட்டுக்கு வேலை வந்தது. ஒட்டுபவர் பெயர் என்ற இடத்தில் எப்போதும் போலத் தன் கம்பெனி பெயரை எழுதப்போன மாயவன், ஒரு தரம் போன் செய்து, உன் பேரை முழுசாக எப்படி எழுதுவது என்று கேட்டார். அவள் சொன்னாள். அத்தா பெயர் ஜாபர் என்பதால் முன்னால் ஜா போடவும் சொன்னாள்.

வேலைக்கு நடுவில் கிடைக்கும் நாட்களில் இப்போதும் அவள் அன்சரின் கடையில் திரைக்குப் பின்னால்தான் உட்காருகிறாள். அன்றைக்கு ஒருவர் ஈரம் சொட்டுகிற சட்டையோடு வந்து, போன் தண்ணீரில் விழவே இல்லை, தானாகவே நின்றுவிட்டது என்று அன்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எந்தக் கெணத்துல வுழுந்துச்சுன்னு மட்டும் கேளுண்ணே,” என்றது திரை.